நின்ற பிறகு வந்த உதிரம்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலேயே எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, இன்றைக்கு எழுதிவிடலாம் என்று பேனாவை எடுப்பேன். முதல் பக்கத்திலேயே விலக்கு, உதிரம் என்றெல்லாம் எழுத வேண்டி வரும். மகனும் மருமகளும் பேரனும் புழங்குகிற வீடு, யாராவது எடுத்துப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று மூடி வைத்துவிடுவேன். வருஷங்கள் இப்படியே போய்விட்டன.

இன்னொரு தயக்கமும் இருந்தது. இது என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் உடம்பைப் பற்றியது. அவளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய பெண் இருந்தாள். தாய்க்குக் கர்ப்பப்பையில் வியாதி என்று தெரிந்தால் பெண் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தாயிடமே கேட்டேன். எழுதுக்கா, பேரை மட்டும் மாத்திக்க என்று சொல்லிவிட்டாள். அதனால் மாதம்மா என்று நான் இங்கே எழுதுவது அவள் பெயர் இல்லை. மற்றவர்கள் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனிப் பெண்கள் சிலர் என்னை அழைக்க வந்தார்கள். பேக்கிங் ஹாலில் இப்போது வேலை செய்கிறவர்கள், எல்லாம் சின்ன வயசு. ஒருத்தி செல்போனை நீட்டிக் காட்டினாள். மாதத்தில் முதல் பாதி ஆளிவிதையும் பூசணி விதையும், அடுத்த பாதி எள்ளும் சூரியகாந்தி விதையும் தின்றால் பெண்களுக்கு வருகிற எல்லாக் கோளாறும் சரியாகும் என்று அதில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார். சாந்தாக்கா, நீங்க இதிலேயே காலம் தள்ளினவங்க, இது நெஜமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் அரைகுறையாகத்தான் சொன்னேன் என்று இரவெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

எனக்குச் சொந்த ஊர் பாரூர் பக்கம். எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நானும் ஒரு மூலிகைக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். முதலில் கிழங்கு கழுவினேன், பிறகு மூட்டை தைத்தேன், பிறகு ஹாலுக்குள் விட்டார்கள். கை கழுவுவது, தொப்பிக்குள் மயிரை அடக்குவது, வளையலைக் கழற்றுவது எல்லாம் பழக ஒரு வருஷம் ஆனது. தாலியை மட்டும் கழற்ற மாட்டேன் என்று நான் அழுததும், துணியில் சுற்றி உள்ளே செருகிக்கொள்ள விட்டதும் நினைவிருக்கிறது. ஓய்வு பெறும்போது ஷிப்டு லீடராக இருந்தேன்.

அங்கே என்ன நடக்கும் என்று சொன்னால்தான் மாதம்மா செய்தது புரியும். மலையிலிருந்து தண்ணீர்விட்டான் கிழங்கு சாக்குச் சாக்காக வரும். அதைக் கழுவி, நறுக்கி, பெரிய அண்டாக்களில் வேகவைத்துச் சாறு இறக்குவார்கள். அந்தச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, உலர்த்தினால் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி வரும். அதற்கு எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர். ஒரு சாக்குக் கிழங்கின் சத்து கடைசியில் ஒரு சின்னப் பாத்திரத்துக்குள் அடங்கிவிடும். சோயாவிலிருந்தும் இதே மாதிரி ஒரு பொடி வரும். இரண்டையும் மற்ற மாவோடு கலந்து, விலக்கு நிற்கிற வயசுப் பெண்களுக்கான மாத்திரையாக அடைப்போம். அந்தப் பொடி காற்றுப் பட்டால் ஈரம் இழுத்துக் கட்டி கட்டும். அதனால் சலிக்க வேண்டும். சல்லடையில் நின்றுவிடுகிற கட்டிகளைத் தங்கல் என்போம். தங்கலை எடை போட்டு, நீல டிரம்மில் கொட்டி, சீல் வைத்து அனுப்ப வேண்டும் என்பது முறை.

லேபுக்குப் பொறுப்பாக ஷைலஜா மேடம் இருந்தார். கர்நாடகா பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம், தமிழ் எங்களிடம் கற்றுக்கொண்டது. குரலை உயர்த்த மாட்டார். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார். தராசு சரியாக இருக்கிறது மேடம் என்று ஒரு நாள் சொன்னேன். இதே கேள்வி வந்தது. திரும்பப் போய்ப் பார்த்தால் யாரோ ஃபேனைத் திருப்பி வைத்திருந்தார்கள், முள் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவரிடம் பேசப் போகும் முன் எதையும் இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன். அவர் திட்டி நான் கேட்டதே இல்லை, ஆனாலும் பயம்தான்.

இந்தப் பொடி எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார். அவர் சொன்னது இது: "பொம்பளைங்க ஒடம்புல ஈஸ்ட்ரோஜன்னு ஒரு சுரப்பு இருக்கு. மாசாமாசம் கர்ப்பப்பையில மெத்தை போடறது அதுதான். இந்தச் செடிச் சத்து மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. மாப்பிள்ளை பக்கத்துல அதே வேட்டி சட்டையில ஒக்காந்திருப்பான். சில எடத்துல மாப்பிள்ளைக்குக் கெடைக்கற மரியாதை அவனுக்கும் கெடைக்கும். சில எடத்துல அவன் ஒக்காந்ததால மாப்பிள்ளைக்கே எடம் இருக்காது. எங்க எது நடக்கும்னு முழுசா யாருக்கும் தெரியாது. அதனாலதான் அளவு, அளவுன்னு அடிச்சிக்கறேன்."

நாங்கள் சிரித்தோம். மாப்பிள்ளைத் தோழன் என்று அந்தப் பொடிக்கே பெயர் வைத்துவிட்டோம்.

மாதம்மா அஞ்செட்டிப் பக்கத்து மலைக்காரி. சல்லடை அவள் பொறுப்பு. பருத்த உடம்பு, சர்க்கரை வேறு. விலக்கு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடம்பு திடீர் திடீரென்று தீயாக எரிகிறது, ராத்திரியில் தூக்கமே இல்லை என்று புலம்புவாள். பிறகு கொஞ்ச நாள் புலம்பல் இல்லை. பார்த்தால், தங்கல் கட்டியை டிபன் பாக்ஸ் மூடியில் அள்ளிக்கொண்டு போய், கேழ்வரகுக் கூழில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் மாதம்மா, இது எக்ஸ்ட்ராக்ட் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

"எங்க மலையில மாட்டுக்குப் பால் வத்துனா இந்தக் கெழங்குதான், புள்ள பெத்தவளுக்கும் இந்தக் கெழங்குதான். சின்னதுல தோண்டித் தின்னே வளந்தவ நானு. எனக்கு நீ சொல்றியாக்கா?"

அவள் சொன்னது பொய்யில்லை. கிழங்கைத் தின்று வளர்ந்தவள்தான். ஊரில் கிழங்குப் பொடியை எந்தக் கரண்டியால் போடுவாளோ அதே கரண்டியால் இதையும் போட்டாள். ஒரு கரண்டியில் எத்தனை கிழங்கு அடங்கியிருக்கிறது என்பது அவள் கைக்குத் தெரியவில்லை. இந்தத் தப்பு வெளியாள் யாரும் செய்ய மாட்டார்கள். கிழங்கையும் தெரிந்து, சல்லடைக்குப் பக்கத்திலும் நிற்கிறவளால்தான் செய்ய முடியும்.

ஒரு நாள் காலை, உடை மாற்றுகிற அறையில், யாரிடமாவது நாப்கின் இருக்கிறதா என்று கேட்டாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்களோடு ஹாலில் வேலை பார்த்த நாகரத்தினாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மே, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா? தாய்மாமன் இருக்காரா, சீர் கொண்டாரச் சொல்லலாமா?"

"அவரு போயி வருசமாச்சு. நீயே பச்ச ஓலை கட்டி என்னை ஒக்கார வை" என்றாள் மாதம்மா.

கம்பெனி டப்பா மேலே மாதம்மா படத்தைப் போட்டால் சரக்கு பறக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். அறை முழுக்கச் சிரிப்பு. மாதம்மா முகத்தில் ஒரு வெட்கம், ஒரு பெருமை. கிழவி ஆகிவிட்டோம் என்று இருந்தவளுக்குப் போனது திரும்பி வந்த மாதிரி. நம்ம சரக்கு வேலை செய்யுது பாரு என்று ஹாலே பேசிக்கொண்டது. அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் டிபன் மூடியோடு சல்லடைப் பக்கம் வந்தார்கள். நான் விரட்டினேன்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியாது. நின்று போனது ஏன் வர வேண்டும் என்றே திரும்பத் திரும்ப நினைத்தேன். மேடத்திடம் சொல்லலாம் என்றேன். மாதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனிப் பொருளைத் தின்றது தெரிந்தால் வேலை போய்விடும், பெண் காலேஜில் இருக்கிறாள், வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேலை, என் சம்பளத்தில்தான் வீடு நிற்கிறது என்றாள். பொடியை நிறுத்திவிடுகிறேன், நின்றுவிட்டால் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள்.

நிறுத்தினாள். சில நாளில் உதிரமும் நின்றது.

அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. அம்மன் கண் திறந்தாள் என்று நினைத்தேன். இருவரும் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். பொடியால் வந்தது, பொடியோடு போனது என்று கணக்கு முடிந்த மாதிரி இருந்தது.

சில வாரம் கழித்து, சல்லடைக்குப் பக்கத்தில் மாதம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் யூனிபாரம் வெள்ளைக் கோட்டு. அதன் பின்பக்கம் பழுப்பாக ஒரு கறை. நான் என் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றிக் கழிவறைக்கு அழைத்துப் போனேன். அங்கே போய்த்தான் சொன்னாள், நின்ற பிறகும் அப்பப்போ பட்டுக்கொண்டே இருந்ததாம்.

"பொடி இன்னும் ஒடம்புல ஊறிக்கெடக்குதுக்கா. போவப் போவ நின்னுடும்."

அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது. உதிரத்தைப் பார்த்துக்கூட அவ்வளவு பயப்படவில்லை. எத்தனை நாள் வந்தாலும் அவள் இதே பதிலைச் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவாள் என்று தோன்றியது. அவளுக்கு வேலை போனாலும் போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன்.

ஷைலஜா மேடம் ஒரு கண்ணாடிக் குப்பியில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னார். சொல்ல ஆரம்பித்ததும் குப்பியைத் தாங்கியில் வைத்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். நான் முழுவதையும் சொல்லி முடித்தேன். பிறகு கேட்டார். விலக்கு எப்போது நின்றது? நடுவில் ஒரு தடவைகூட வரவில்லையா? எவ்வளவு பொடி, எத்தனை நாள்? வயிற்று வலி உண்டா? சில கேள்விக்கு நான், இருக்கும் மேடம் என்றேன். பாத்தீங்களா, நெனச்சீங்களா என்று அதே கேள்வி வந்தது. தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். தெரியாததைத் தெரியாது என்றால் அவர் முகம் கொஞ்சம் இளகும். அன்றைக்கு இளகவில்லை.

பொடியினால்தானே மேடம் என்று நானே கேட்டேன்.

"சாந்தம்மா, பொடி விசயம் வேற, ரத்த விசயம் வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. அவங்க பொடியே சாப்பிடலைன்னு வையுங்க. இந்த ரத்தத்தப் பாத்து என்ன பண்ணியிருப்பீங்க?"

"பயந்துருப்பம் மேடம். ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பம்."

"அப்ப இப்பவும் பயப்படுங்க. இப்பவும் ஓடுங்க."

மாதம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் உள்ளே வந்ததும் காலில் விழப் போனாள். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் பேடா, பேடா என்று சொல்லி, அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். தங்கல் விஷயத்தை மேலே சொல்லாமல் இருக்க முடியாது, சீல் என் பொறுப்பு, என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வேன், அது அடுத்த வாரம் என்றார். நாளைக்குக் காலையில் நீங்கள் இருவரும் கிருஷ்ணகிரிக்குப் போகிறீர்கள் என்றார். லீவு கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் மாதம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையின் உள்மெத்தை தடித்திருக்கிறது, இந்த வயசில் இவ்வளவு இருக்கக் கூடாது என்றார். அதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாதம்மா என் விரல்களைப் பிடித்து நசுக்கினாள். முடிவு வர நாள் ஆகும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களை எப்படித் தள்ளினோம் என்று அம்மனுக்குத்தான் தெரியும். உதிரம் விட்டு விட்டுப் பட்டுக்கொண்டிருந்ததால் அவள் கோயிலுக்குள் வர மாட்டேன் என்றாள். மலைக்கோயில் அடிவாரத்தில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, தன் கற்பூரத்தை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் அவளுக்காக ஏற்றிவிட்டு, திருநீற்றை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். அவள் நெற்றியில் வாங்கிக்கொண்டு, மேலே பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். அவள் பெண்ணுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம், சர்க்கரைக்குப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். ராத்திரி கண்ணை மூடினால் எனக்கு அந்த வெள்ளைக் கோட்டுதான் தெரியும்.

முடிவு வந்தது. புற்று. ஆனால் ஆரம்பம், மெத்தையை விட்டு அதிகம் இறங்கவில்லை என்றார் டாக்டர். மாதம்மா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாந் தின்ன பொடிதான் பண்ணுச்சா, டாக்டரம்மா?"

டாக்டர் யோசித்துத்தான் பேசினார். "அத என்னால சொல்ல முடியாதும்மா. சர்க்கரை இருக்கு, ஒடம்பு கனம் இருக்கு, வேற காரணமும் இருக்கலாம். பொடி கொஞ்சம் தூண்டிவிட்டிருக்கலாம், ஒண்ணுமே பண்ணாமலும் இருந்திருக்கலாம். ஆனா பொடியை நிறுத்திப் பாப்போம்னு காத்திருந்தீங்களே, அந்த நாளெல்லாம்தான் வீணாப் போச்சு."

நின்றதே டாக்டரம்மா என்று நான் சொன்னேன். இது விட்டு விட்டுத்தான் வரும், நின்றதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, ஒரு வருஷம் விலக்கு வராமல் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும், எந்தக் காரணம் மனசில் தோன்றினாலும், வந்து காட்டிவிட வேண்டும் என்றார். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். எள்ளுருண்டை, சோயா, ஆளிவிதை எல்லாம் பற்றி நான் கேட்டதற்கு, உணவாகச் சாப்பிடுகிற அளவுக்குப் பயம் வேண்டாம் என்றும், சத்தை இறக்கிய பொடியும் மாத்திரையும் வேறு கதை என்றும், மார்பில் கட்டிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், பிள்ளைக்காக வைத்தியம் பார்க்கிறவர்கள் கேட்காமல் தொடக் கூடாது என்றும் சொன்னார். ஆயுத பூஜைக்கு வந்த பெண்களிடம் நான் சொல்லத் தவறியது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மாதம்மா பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் சொன்ன தேதிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறாள், போகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. கம்பெனியில் அவளைக் கண்டித்து, கிழங்கு கழுவுகிற பக்கம் மாற்றினார்கள், வேலையை எடுக்கவில்லை. ஷைலஜா மேடத்துக்கும் மெமோ வந்தது. அதன் பிறகு தங்கல் டிரம்முக்கு அவரே வந்து நின்று சீல் வைப்பார்.

ஆனால் ஹாலில் கதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கம்பெனிப் பொடியைத் தின்றால் புற்று வரும் என்று ஒரு கதை. கிழவிக்கும் விலக்கை வரவழைக்கிற அளவுக்குச் சக்தி உள்ள பொடி, அளவாகத் தின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று இன்னொரு கதை. இரண்டும் செல்போனில் ஏறி எங்கெங்கோ போயின. ஒரு தடவை என் மருமகளின் அம்மாவே, மாதம்மாவை யார் என்று தெரியாமல், முதல் கதையை எனக்கு அனுப்பி வைத்தார். அதில் பொடி இருந்தது, புற்று இருந்தது. உதிரம் பட்டதும் போய்க் காட்ட வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் புஷ்பா என்னிடம் வந்து, ஒரு பேச்சுக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயசு குறைவு. நின்று பல வருஷம் ஆகிறது. இப்போது இரண்டு மூன்று தடவை பட்டிருக்கிறது. அய்யோ, காட்டினாயா என்று கேட்டேன்.

"என்னாத்துக்குக்கா? எனக்குப் பயமில்ல. அந்தக் கம்பெனிப் பொடி தின்னவங்களுக்குத்தான் அது வருமாம். நான் அதத் தொட்டதே இல்லியே."

நாங்கள் பட்ட பாடு அரைகுறைக் கதையாகத் திரும்பி வந்து, புஷ்பாவை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது. மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். ஸ்கேன் ஆயிற்று, சுரண்டி எடுத்தும் ஆயிற்று. இதை நான் எழுதி முடிக்கிற இன்றைக்கு முடிவு இன்னும் வரவில்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்று காலையும் மாலையும் விளக்கு முன்னால் நிற்கிறேன்.

இதைப் படிக்கிற தாய்மார்களையும், அவர்கள் வீட்டு ஆண்களையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதை அனுப்புங்கள். அனுப்பும்போது நீளமாக இருக்கிறதே என்று குறைக்காதீர்கள். பொடியைப் பற்றிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் பயமாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள். டாக்டர் தெரியாது என்று சொன்ன இடத்தில் தெரியாது என்றே இருக்கட்டும். பொடி தின்றவளுக்கும் தின்னாதவளுக்கும் இது ஒரே மாதிரி போய்ச் சேர வேண்டும்.